நம்மாள் மாட்டினால் மட்டும் நியாயம் மாறிவிடுகிறது (அமெரிக்க அதிபர்கள் மீதான பதவிநீக்க விசாரணைகள்)

வைகைக்கரையான் (இழையைத் தொடங்கியவர்)

ரொம்ப நாளாக மனதில் கிடந்ததை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1998 டிசம்பர். நான் அமெரிக்கா வந்து இரண்டு வருடம். வர்ஜீனியாவில் வேலை. மதியச் சாப்பாட்டில் எனக்கு எதிரே உட்காருகிறவர் பழுத்த குடியரசுக் கட்சிக்காரர். நல்ல மனிதர். நான் முதல் கார் வாங்கியபோது கூடவே வந்து பேரம் பேசிக் கொடுத்தவர். டிசம்பர் 19, சனிக்கிழமை, பிரதிநிதிகள் சபை ஜனநாயகக் கட்சி அதிபர் கிளின்டன் மீது பதவிநீக்கக் குற்றச்சாட்டுகளை நிறைவேற்றியது. (அங்கே குற்றம் சாட்டுவது கீழ்ச்சபையான பிரதிநிதிகள் சபை; விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது மேல்சபையான செனட், நீக்க அங்கே மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும்.) திங்கட்கிழமை சாப்பாட்டு மேஜையில் அவர் சொன்னார்: "சத்தியம் பண்ணிவிட்டுப் பொய் சொன்னவன் அந்த நாற்காலியில் ஒரு நாள்கூட இருக்கக் கூடாது. சாட்சிகளைக் கூப்பிட்டு விசாரிக்கட்டும்." நான் சொன்னேன்: "மக்கள் இரண்டு தடவை ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்தவரைக் கட்சிச் சண்டைக்காக இறக்குவதா? எல்லாம்தான் அறிக்கையில் இருக்கிறதே, சாட்சி எதற்கு?"

2020 ஜனவரி. இருவருக்கும் வேலை வேறு வேறு இடம். ஆனாலும் மாதம் ஒருமுறை சேர்ந்து சாப்பிடுகிற வழக்கம் விடவில்லை. டிரம்ப் மீது செனட்டில் விசாரணை ஓடிக்கொண்டிருந்தது. அவர் சொன்னார்: "மக்கள் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்தவரை இப்படி இறக்குவதா? எல்லாம்தான் கீழ்ச்சபை அறிக்கையில் இருக்கிறதே." நான், "சாட்சியே கூப்பிடாமல் அது என்ன விசாரணை?" என்று ஆரம்பித்தேன். பாதியில் எனக்கு வாய் நின்றுவிட்டது. அது என் வார்த்தை இல்லை. 21 வருடத்துக்கு முன் இதே மனிதர் என்னிடம் சொன்னது. அவர் சொன்னது என்னுடையது.

அன்றிலிருந்து இது என்னைக் குடைகிறது. தலைவர்கள் இரட்டை நாக்கோடு பேசுவது புதிதில்லை. குடியரசுக் கட்சியின் லிண்ட்சே கிரகாமை எடுத்துக்கொள்ளுங்கள். 1999இல் செனட்டில் கிளின்டனுக்கு எதிராக வாதாடிய பிரதிநிதிகளில் ஒருவர். பதவிநீக்கம் என்பது தண்டனை இல்லை, அந்தப் பதவியைச் சுத்தப்படுத்துவது, அதன் மானத்தை மீட்பது என்று பேசினார். குற்றம் நிரூபணமாக வேண்டும் என்றுகூட அவசியமில்லை என்றார். 2019 டிசம்பரில் அதே கிரகாம், நான் நடுநிலையான நடுவர் மாதிரி பாவனை செய்யப் போவதில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். சில வாரம் கழித்துப் பாரபட்சமின்றி நீதி வழங்குவேன் என்று கை உயர்த்திப் பிரமாணம் எடுத்தார், புத்தகத்தில் கையெழுத்தும் போட்டார்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். அவர்களுக்காவது பதவி பயம். எனக்கும் என் நண்பருக்கும் என்ன பயம்? நாங்கள் ஏன் அப்படிப் பேசினோம்?

---

செங்காந்தள்

அண்ணா, அந்த மேஜை எங்கள் வீட்டிலும் இருக்கிறது, பெயர்கள்தான் வேறு.

நான் தெற்கு நியூஜெர்சி. எங்கள் தொகுதி உறுப்பினர் ஜெஃப் வான் ட்ரூ. 2018இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளராக அவருக்காக வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டியவள் நான். 2019 டிசம்பர் 18 அன்று டிரம்புக்கு எதிரான இரண்டு குற்றச்சாட்டுக்கும் எதிராக வாக்களித்தார். சரி, மனசாட்சிப்படி செய்திருந்தால் நான் மதித்திருப்பேன். மறுநாளே வெள்ளை மாளிகையில் டிரம்ப் பக்கத்தில் உட்கார்ந்து கட்சி மாறினார், தன் ஆதரவு என்றைக்கும் அழியாதது என்றார். நான் கொடுத்த துண்டுப் பிரசுரம் இன்னும் எத்தனை வீட்டு மேஜை இழுப்பறையில் கிடக்கிறதோ.

2020 தேர்தலில் அவர் ஜெயித்தார். மக்கள் எதைப் பார்த்து ஓட்டுப் போடுகிறார்கள் என்று அன்றைக்குத்தான் யோசிக்க ஆரம்பித்தேன்.

---

ஹூஸ்டன்வாசி

நான் குடியரசுக் கட்சி ஆதரவாளன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிரகாமை மட்டும் கூண்டில் ஏற்றினால் இந்த இழையே ஒருபக்கச் சார்பாகிவிடும்.

ஜனநாயகக் கட்சியின் ஜெரி நாட்லர் 1998இல் என்ன சொன்னார் தெரியுமா? ஒரு பெரிய கட்சி ஆதரித்து, இன்னொரு பெரிய கட்சி எதிர்க்கும் பதவிநீக்கம் ஒருபோதும் நடக்கக் கூடாது, அது நாட்டைப் பிளக்கும் என்றார். 2019இல் பதவிநீக்கக் குற்றச்சாட்டுகளைத் தயாரித்த கீழ்ச்சபை நீதித்துறைக் குழுவின் தலைவர் அவர்தான். அந்தப் பதவிநீக்கத்துக்குக் குடியரசுக் கட்சியில் ஒருவர்கூட வாக்களிக்கவில்லை. முதல் குற்றச்சாட்டுக்கு 230–197. அவர் சொன்ன அதே பிளவு, அவர் கையாலேயே.

அதே கட்சியின் சக் ஷூமர் இன்னும் அருமையான உதாரணம். 1998 டிசம்பரில் கீழ்ச்சபை உறுப்பினராகக் கிளின்டனுக்கு ஆதரவாக வாக்களித்தார். ஜனவரியில் செனட்டராகி, அங்கே போயும் ஆதரவாக வாக்களித்தார். செனட் ஒன்றும் ஜூரி பெட்டி இல்லை என்று அப்போது பேசியவர், 2020இல் நடுநிலையான ஜூரி வேண்டும், சாட்சி வேண்டும் என்று தினமும் மைக் முன்னால் நின்றார்.

ஆனால் வைகைக்கரையானிடம் ஒரு விஷயத்தில் மாறுபடுகிறேன். நிலைப்பாடு மாறினாலே வேஷம் என்று சொல்ல முடியாது. வழக்குகள் ஒன்றில்லை. ஒன்று, சொந்த வாழ்க்கை அசிங்கத்தை மறைக்கச் சொன்ன பொய். இன்னொன்று, உக்ரைனுக்கான 39.1 கோடி டாலர் ராணுவ உதவியை நிறுத்தி வைத்துக்கொண்டு, அரசியல் போட்டியாளர் மீது விசாரணை கேட்டார் என்ற குற்றச்சாட்டு. இரண்டையும் ஒரே தராசில் வைத்து, நீ அன்றைக்கு அப்படிச் சொன்னாயே என்பது சரியில்லை.

---

வைகைக்கரையான்

ஹூஸ்டன்வாசி சார், நாட்லர், ஷூமர் இரண்டும் உண்மை. மறுக்கமாட்டேன்.

வழக்குகள் வேறு என்பதும் சரி. ஆனால் சாட்சி வேண்டுமா வேண்டாமா என்பது வழக்கைப் பொறுத்ததா? பிரமாணத்துக்கு அர்த்தம் உண்டா என்பது வழக்கைப் பொறுத்ததா? இந்த மாதிரி விஷயத்தில் கட்சி மொத்தமும் ஒரே நாளில் இடம் மாறி உட்கார்ந்தால் அதை வேறு எப்படிப் புரிந்துகொள்வது? 1999இல் கிளின்டனோடு உறவு வைத்திருந்த மோனிகா லெவின்ஸ்கி உட்பட மூன்று பேரின் வாக்குமூலத்தை வீடியோவில் பதிவு செய்தார்கள். அதைக் கேட்டு வாங்கியது குடியரசுக் கட்சி. 2020 ஜனவரி 31 அன்று சாட்சி கோரிக்கை 49–51 என்று தோற்றது. அந்தக் கட்சியிலிருந்து அதற்கு ஆதரவாக நின்றவர்கள் ராம்னி, காலின்ஸ் இரண்டே பேர்.

---

பழைய_பேப்பர்

திருச்சியிலிருந்து எழுதுகிறேன். வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன்.

1974 ஆகஸ்டில், எதிர்க்கட்சி அலுவலகத்தில் ஆட்கள் புகுந்த வாட்டர்கேட் விவகாரத்தால், குடியரசுக் கட்சி அதிபர் நிக்சன் விலகிய செய்தியைப் பிபிசி தமிழோசையில் கேட்டது நினைவிருக்கிறது. எங்கள் தெருவில் ஒருவர், "அந்த ஊரில் சொந்தக் கட்சிக்காரனே போய் இறங்கு என்று சொல்லியிருக்கிறான் பார்" என்று வியந்தார். பல வருடம் நானும் வகுப்பில் அப்படித்தான் சொன்னேன். அவர் கட்சியின் பெரிய தலைகளான கோல்ட்வாட்டர், ஹியூ ஸ்காட், ஜான் ரோட்ஸ் மூவரும் ஆகஸ்ட் 7 அன்று போய்ப் பார்த்தார்கள், இரண்டாம் நாள் நிக்சன் போய்விட்டார் என்று.

பின்னால் ஆழ்ந்து படித்தபோதுதான் இன்னொரு பக்கம் தெரிந்தது. ஜூலை 27 அன்று நீதித்துறைக் குழுவில் முதல் குற்றச்சாட்டு 27–11 என்று நிறைவேறியது. குடியரசுக் கட்சியின் 17 பேரில் 6 பேர்தான் ஆதரித்தார்கள். மீதிப் பேர் கடைசிவரை காவலுக்கு நின்றார்கள். ஆகஸ்ட் 5 அன்று வெள்ளை மாளிகையில் பதிவான ஒலிநாடா ஒன்று வெளியானது; வாட்டர்கேட் விசாரணையைத் தடுக்கச் சொன்னதே நிக்சன்தான் என்று அவர் குரலிலேயே கேட்டது. அதற்குப் பிறகுதான் எதிர்த்து வாக்களித்தவர்களும் மாறினார்கள். கோல்ட்வாட்டர் அன்று போய்ச் சொன்னது தர்மோபதேசம் இல்லை, செனட்டில் உங்களுக்கு 15 ஓட்டு தேறினால் அதிகம் என்ற கணக்கு. தப்பிக்க 34 வேண்டும்.

அந்த 6 பேரில் மேரிலாந்தின் லாரன்ஸ் ஹோகன், நிறைவேறிய மூன்று குற்றச்சாட்டுக்கும் ஆதரவளித்த ஒரே குடியரசுக் கட்சிக்காரர். ஒலிநாடா வெளியாவதற்கு முன்பே. அந்த வருடமே ஆளுநர் பதவிக்கான உட்கட்சித் தேர்தலில் தோற்றார்.

இன்னும் பின்னால் போனால் 1868. அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் 35–19இல், மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரே ஓட்டு குறைந்து தப்பினார். கட்சியை மீறி அவரை விடுவித்த 7 குடியரசுக் கட்சி செனட்டர்களில் ஒருவர்கூட மறுபடி செனட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்படவில்லை. கன்சாஸின் எட்மண்ட் ராஸை வீரர் என்பார்கள். வாக்களித்த பிறகு அவர் ஜான்சனிடம் தன் ஆட்களுக்குப் பதவி கேட்டு எழுதினார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதே சபையில் ஓஹையோவின் பெஞ்சமின் வேட், ஜான்சன் போனால் அடுத்து அதிபராகப் போகிறவர், தானே உட்கார்ந்து 'குற்றவாளி' என்று வாக்களித்தார்!

---

அரசமரத்தடி

1998இல் ஒழுக்கம் பேசியவர்களைப் பற்றியும் யாராவது எழுதுங்கள். குடியரசுக் கட்சித் தலைவர்கள் கிங்ரிச், ஹென்றி ஹைட், லிவிங்ஸ்டன்...

---

செங்காந்தள்

எழுதுகிறேன். கிளின்டன் மீது வாக்கெடுப்பு நடந்த அன்று காலை, அடுத்த சபாநாயகராக வரவிருந்த பாப் லிவிங்ஸ்டன் எழுந்து கிளின்டனைப் பதவி விலகச் சொன்னார். எதிர்வரிசையிலிருந்து "நீ விலகு" என்று கத்தினார்கள். அவருடைய கள்ள உறவு அதற்குச் சற்று முன்தான் வெளியாகியிருந்தது. அங்கேயே, அதே பேச்சில், தானும் விலகுவதாக அறிவித்தார். அவர் இடத்துக்கு டென்னிஸ் ஹாஸ்டர்ட் வந்தார். பயிற்சியாளராக இருந்த காலத்தில் பள்ளிச் சிறுவர்களைச் சீரழித்தவர் என்று 2016இல் நீதிமன்றத்தில் அம்பலமாகி, அதை மறைக்கப் பணம் எடுத்த வழக்கில் சிறை போனவர். 1998இல் சபாநாயகராக இருந்த கிங்ரிச் தன் கள்ள உறவை 2007இல் ஒப்புக்கொண்டார்.

ஆனால் என்னை உலுக்கியது தலைவர்கள் இல்லை. ஒரு கருத்துக்கணிப்பு. சொந்த வாழ்க்கையில் ஒழுக்கம் தவறியவர் பொதுப் பதவியில் நேர்மையாக இருக்க முடியுமா என்ற கேள்வி. வெள்ளை இவாஞ்சலிக்கர்களில் (பைபிளில் ஊறிய புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள்) 2011இல் முடியும் என்றவர்கள் 30 சதவீதம். 2016 அக்டோபரில் அதே கேள்விக்கு 72 சதவீதம். ஐந்தே வருடம். வேதம் மாறவில்லை, வேட்பாளர் மாறினார்.

எங்கள் பக்கமும் சுத்தமில்லை. கிளின்டன் மீது தீர்மானம் நிறைவேறிய அன்று மதியமே ஜனநாயகக் கட்சிக்காரர்கள் கூட்டமாக வெள்ளை மாளிகைத் தோட்டத்துக்குப் போய் அவர் பின்னால் நின்றார்கள். வரலாற்றில் மிகச் சிறந்த அதிபர்களில் ஒருவராகப் பேசப்படுவார் என்றார் அல் கோர். அலுவலகத்தில் பயிற்சிக்கு வந்த 22 வயதுப் பெண்ணிடம் நடந்துகொண்டதை மறைக்கப் பொய் சொன்னவருக்கு, பெண்ணுரிமை பேசிய கட்சி கை தட்டியது. நான் அப்போது பள்ளி மாணவி. வளர்ந்து அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

---

ஹூஸ்டன்வாசி

செங்காந்தள், இதை எழுதியதற்கு நன்றி. மனமார.

இப்போது என் பக்கத்து வலியை நான் சொல்கிறேன். 2021 ஜனவரி 13. நாடாளுமன்றத்துக்குள் கும்பல் புகுந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. டிரம்ப் மீதான இரண்டாவது பதவிநீக்கத் தீர்மானத்தில் எங்கள் கட்சியில் 10 பேர் அவருக்கு எதிராக வாக்களித்தார்கள். மிச்சிகனின் பீட்டர் மெய்யர் பதவியேற்றுப் பத்தே நாள் ஆனவர். அரசியல் வாழ்க்கை தொடங்கும்போதே முடியலாம் என்று தெரிந்துதான் கை தூக்கினார்.

அந்தப் பத்துப் பேரில் நான்கு பேர் மறுபடி நிற்கவே இல்லை. நான்கு பேர் உட்கட்சித் தேர்தலில் தோற்றார்கள். லிஸ் சேனி, துணை அதிபராக இருந்தவரின் மகள், 2022 ஆகஸ்டில் 37 புள்ளி வித்தியாசத்தில் தோற்றார். தப்பியவர்கள் இரண்டு பேர். செய்தது யார்? செனட்டில் எங்கள் கட்சித் தலைவராக இருந்த மெக்கானல் இல்லை. என்னைப் போன்ற வாக்காளர்கள்.

மெய்யர் கதையில் இன்னொரு அடுக்கு உண்டு. அவருக்கு எதிராக நின்றவர் ஜான் கிப்ஸ். 2020 தேர்தல் முடிவையே ஏற்காதவர். உட்கட்சித் தேர்தலுக்குச் சில நாள் முன்பு கிப்ஸைத் தூக்கிவிடும் வகையில் டிவி விளம்பரம் ஓடியது. 4 லட்சம் டாலருக்கு மேல் செலவு. கொடுத்தது ஜனநாயகக் கட்சியின் பிரதிநிதிகள் சபைப் பிரசாரக் குழு! மெய்யரைவிடக் கிப்ஸைத் தோற்கடிப்பது சுலபம் என்ற கணக்கு. கணக்கும் பலித்தது, மெய்யர் ஆகஸ்டில் தோற்றார், கிப்ஸ் நவம்பரில் தோற்றார், இடம் ஜனநாயகக் கட்சிக்குப் போனது. ஜனநாயகம் ஆபத்தில் இருக்கிறது, குடியரசுக் கட்சியில் நேர்மையானவர் ஒருவர்கூட இல்லையா என்று ஒரு பக்கம் கேட்டுக்கொண்டு, நேர்மையாக நின்றவன் முதுகில் காசு கொடுத்துக் குத்தினார்கள். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

---

வைகைக்கரையான்

மெய்யர் விஷயம் எனக்குத் தெரிந்திருந்தும் ஒருநாளும் எங்கும் பேசவில்லை. இப்போது வெட்கமாக இருக்கிறது. ஏன் பேசவில்லை என்று யோசித்தால், எங்கள் ஆட்கள் ஜெயித்ததில் எனக்கு உள்ளூர ஒரு திருப்தி இருந்திருக்கிறது.

---

அரசமரத்தடி

மெக்கானலைப் பற்றி: 2021 பிப்ரவரி 13 அன்று டிரம்ப் குற்றவாளி இல்லை என்று வாக்களித்துவிட்டு, அதே நாளில் எழுந்து, நடந்ததற்கு நடைமுறையிலும் தார்மீகமாகவும் அவரே பொறுப்பு என்று பேசினார். பதவியிலிருந்து போனவரை விசாரிக்க முடியாது என்பது காரணம். டிரம்ப் பதவியில் இருந்தபோது செனட்டை முன்கூட்டியே கூட்ட மறுத்தவரும் மெக்கானல்தான். 57–43. குற்றவாளி என்ற 57இல் அவருடைய கட்சிக்காரர்கள் 7 பேர். இன்னும் 10 ஓட்டு வேண்டியிருந்தது.

---

சுவோன்_தமிழ்

வணக்கம். தென் கொரியாவில் ஆராய்ச்சி மாணவன். இங்கே நடந்ததையும் வைத்துப் பார்த்தால் உங்கள் கேள்விக்குக் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

2024 டிசம்பர் 3 இரவு அதிபர் யூன் சுக்-யோல் ராணுவச் சட்டம் அறிவித்தார். சில மணி நேரத்தில் நாடாளுமன்றம் அதை ரத்து செய்தது. டிசம்பர் 7, சனிக்கிழமை, பதவிநீக்க வாக்கெடுப்பு. 300 பேரில் 200 ஓட்டு வேண்டும். எதிர்க்கட்சிகளிடம் 192. ஆளும் கட்சியிலிருந்து 8 பேர் போதும்.

முக்கியமான விஷயம்: இங்கே பதவிநீக்கத்துக்கு ரகசிய வாக்கெடுப்பு. யார் எப்படிப் போட்டார்கள் என்று தெரியாது. அதனால் ஆளும் கட்சி என்ன செய்தது தெரியுமா? கூட்டமாக எழுந்து வெளியே போய்விட்டது. உள்ளே இருந்தால்தானே ரகசியமாகப் போட முடியும்!

நான் சோல் நகரின் யோய்தோவில் நாடாளுமன்றத்துக்கு வெளியே குளிரில் நின்றிருந்தேன். பாட்டுக் கச்சேரிக்குக் கொண்டுபோகும் விளக்குக் குச்சிகளை வைத்துக்கொண்டு என்னைவிடச் சின்னப் பிள்ளைகள். பக்கத்துக் காபிக் கடைகளில் யாரோ முன்பணம் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள், வருகிறவர்கள் சும்மா வாங்கிக் குடிக்கலாம். என் பக்கத்தில் நின்ற பெண் போனில் நேரலை வைத்திருந்தார். திரையில் ஆளும் கட்சி வரிசைகள் மொத்தமும் காலி. நடுவில் ஒரே ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். ஆன் சோல்-சூ. அவரைச் சுற்றி எல்லாம் வெறும் நாற்காலி. அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை, திரையில் அவர் இருந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

அப்புறம் இன்னும் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். ஒருவர் கிம் யே-ஜி, பார்வையற்றவர். மொத்தம் 195. தீர்மானம் தோற்றது. எதிர்க்கட்சித் தலைவர் ஒருவர் வெளியே போனவர்களின் பெயரை ஒவ்வொன்றாகப் படித்து, திரும்பி வாருங்கள் என்று கூப்பிட்டார். ஒரு வாரம் கழித்து, டிசம்பர் 14 அன்று, மக்கள் கோபம் தாங்காமல் உள்ளே உட்கார்ந்தார்கள். 204 ஓட்டு. குறைந்தது 12 பேர் கட்சியை மீறியிருக்கிறார்கள். 2025 ஏப்ரல் 4 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் 8–0 என்று நீக்கியது.

உங்கள் கிரகாமுக்கு இணையாக இங்கே குவோன் சோங்-தோங் இருக்கிறார். 2016இல் சொந்தக் கட்சி அதிபர் பார்க் குன்-ஹேயை நீக்கக் கோரி நீதிமன்றத்தில் வழக்கை நடத்தியவரே அவர்தான். 2024இல் யூனைக் காப்பாற்றும் கட்சியின் நாடாளுமன்றத் தலைவர். யூனே பார்க் வழக்கில் விசாரணை நடத்திய அரசு வழக்கறிஞர்களில் ஒருவர்!

---

பழைய_பேப்பர்

தம்பி சொன்ன ரகசிய வாக்கெடுப்பு மிக முக்கியம். 2019இல் செனட்டர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றிருந்த ஜெஃப் ஃப்ளேக், ரகசியமாக நடந்தால் குறைந்தது 35 குடியரசுக் கட்சி செனட்டர்கள் டிரம்பை நீக்க வாக்களிப்பார்கள் என்றார். ஆனால் அங்கே பெயர் கூப்பிட, எழுந்து நின்று, எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். 2020 பிப்ரவரி 5 அன்று முதல் குற்றச்சாட்டில் தன் கட்சியிலிருந்து 'குற்றவாளி' என்று சொன்னவர் மிட் ராம்னி ஒருவரே. சொந்தக் கட்சி அதிபருக்கு எதிராக அப்படி வாக்களித்த முதல் செனட்டர்.

---

ஹூஸ்டன்வாசி

ஐயா, ரகசியமாக்கினால் என் பிரதிநிதி என்ன செய்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்? ராம்னி தனக்குப் பயன்பட்டபோது 2018இல் டிரம்பின் ஆதரவை ஏற்றுக்கொண்டவர்தான், அதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனாலும் அன்று கடவுள் முன் எடுத்த பிரமாணம் பற்றிப் பேசும்போது அவர் குரல் உடைந்து சில நொடி நின்றார். எழுந்து, பெயரோடு சொன்னதால்தான் அதற்கு மதிப்பு. அடுத்த வருடம் விமானத்தில் அவரைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் துரோகி என்று கோஷம் போட்டார்கள். ரகசியப் பெட்டி அந்தக் கோஷத்திலிருந்து அவரைக் காப்பாற்றியிருக்கும். கோஷம் போட்டவர்களைத் திருத்தியிருக்காது.

---

செங்காந்தள்

சுவோன் தம்பி, அந்தத் தனியாக உட்கார்ந்திருந்தவர் என்ன ஆனார்?

---

சுவோன்_தமிழ்

அக்கா, 2025இல் கட்சியின் அதிபர் வேட்பாளர் தேர்வில் நின்றார். கடைசி நால்வரில் வந்தார், அதைத் தாண்டவில்லை. பதவிநீக்கத்தை எதிர்த்த கிம் மூன்-சூதான் வேட்பாளர் ஆனார். ஜூன் 3 தேர்தலில் கட்சி தோற்றது.

---

வைகைக்கரையான்

நேற்று என் நண்பரோடு சாப்பாடு. இந்த இழையில் எழுதியதை எல்லாம் அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். நாற்காலிகளுக்கு நடுவில் உட்கார்ந்தவரைப் பற்றிச் சொன்னபோது சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

அப்புறம் நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கிளின்டன் விஷயத்தில் அன்றைக்கு நீ சொன்னது சரி. சத்தியம் பண்ணிவிட்டு உண்மையை மறைத்தவர்தான். 1999 ஏப்ரலில் நீதிபதியே அவர் நீதிமன்றத்தை அவமதித்தார் என்று தீர்ப்பளித்தார், 2001இல் ஐந்து வருடம் வக்கீல் உரிமத்தை நிறுத்தி வைத்தார்கள். எனக்குத் தெரிந்தே நான் உன்னிடம் வாதாடினேன் என்றேன்.

அவர் உடனே எதுவும் சொல்லவில்லை. பில் வந்தது, அவரே கொடுத்தார். வண்டி நிறுத்துமிடம் வரை சும்மாவே நடந்தோம். கார் கதவைத் திறந்துகொண்டு, "1999இல் கிரகாம் பேசினார் என்றாயே, அந்த வீடியோவை அனுப்பு" என்றார்.

அனுப்பியிருக்கிறேன்.